பெஞ்சில் வெட்ட ஒரு வாக்கியம்

ரெமி வோத்தியே எழுந்தான். ஜன்னலைத் திறந்தான். மழை இல்லை. ஜன்னலைச் சாத்தினான். காபிக்குத் தண்ணீர் வைத்தான். நேற்றைய ரொட்டியின் நுனியை வெட்டி, உப்பு வெண்ணெய் தடவி, நின்றபடியே தின்றான். கிண்ணத்தைக் கழுவினான். முகம் மழித்தான், இடது தாடையில் வழக்கம்போலக் கொஞ்சம் விட்டுப்போயிற்று. ஃபிரிட்ஜ் மேலிருந்த பழுப்புக் காகிதப் பையைப் பார்த்தான். கீழே இறங்கி அலுவலகக் கதவைத் திறந்தான்.

ஒரு வருஷமாக இதே வரிசைதான். பையைப் பார்ப்பதும் அதில் அடக்கம்.

அவன் தனியார் துப்பறிவாளன். பாயே என்ற பிரெஞ்சு நகரத்தில், பேராலயத்துக்குப் பின்சந்தில், சலவைக் கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவே அவனுடைய பெயர்ப்பலகை. காணாமல்போன வாரிசுகள், காப்பீட்டு மோசடிகள், சந்தேகப்படும் கணவன்மார்கள். மனைவி சொலேன் இறந்த பிறகு கணவன்மார்களை மட்டும் அவன் திருப்பியனுப்பிவிடுகிறான்.

சொலேன், கோல்ஃப் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டி. காலையில் அவர்களோடு மைதானத்தில் ஆடுவாள். மதியம் அவர்களை 1944 போரில் படைகள் இறங்கிய கடற்கரைக்கும் கல்லறைத் தோட்டங்களுக்கும் அழைத்துப்போவாள். போன வசந்தத்தில் மோன்கிரே மைதானத்தின் ஏழாவது ஹோலில், பந்துக்குப் பொறியாக வெட்டி வைத்திருக்கும் மணல் பள்ளத்துக்குள் விழுந்து கிடந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். குற்றம் எதுவுமில்லை, அருகில் ஆளில்லாதபோது இறந்திருக்கிறாள் என்று போலீஸ் முடித்துவிட்டது. அவள் உடம்பில் இருந்ததையும் பக்கத்தில் கிடந்ததையும் ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். ரெமி அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்தான். திறக்கவில்லை.

அன்று அவன் உட்காரும் முன்பே தொலைபேசி அடித்தது. மோன்கிரே கிளப்பின் இயக்குநர் கோஸ்லாங். சொலேன் நினைவாக ஏழாவது ஹோலில் ஒரு கல் பெஞ்ச் போடுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை திறப்பு, மேயர் வருகிறார். சொலேனின் கடைசி வார்த்தைகளைப் பெஞ்சின் முதுகில் வெட்டப்போகிறார்கள். கல்தச்சர் இன்றே வேலையை ஆரம்பிக்கிறார், உனக்கு ஆட்சேபம் இருக்காதே என்று கேட்டார். என்ன வார்த்தைகள் என்று ரெமி கேட்டான். கோஸ்லாங் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஜெபம் வாசிப்பதுபோல வாசித்தார்.

"ரெமியை அழ வேண்டாம்னு சொல்லுங்க."

ரெமி திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தான்.

அவன் இந்த ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட அழவில்லை. அழ வராது என்பது சொலேனுக்குத் தெரியும். அவனுடைய அப்பாவின் சவ அடக்கத்தில் அவன் பக்கத்தில் நின்றவள் அவள். அழ வேண்டாம் என்று அவனிடம் சொல்லச் சொல்லி அவள் கடைசி மூச்சைச் செலவழித்திருக்க மாட்டாள்.

உதவியாளர் ஒதீல் அமெல் எதிர் மேஜையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துப் பிரித்து ஊரில் எல்லார் கதையும் அறிந்தவள். வேலையை விட்டதும் நேராக இங்கே வந்து, எனக்கு வம்பு பேசச் சம்பளம் வேண்டும் என்று கேட்டுச் சேர்ந்தாள். ரெமி அவளிடம் வாக்கியத்தைச் சொன்னான்.

"பாஸ், ஒரு சந்தேகம்" என்றாள். "யாரும் பக்கத்துல இல்லாம செத்தாங்கன்னு போலீஸ் சொல்லுது. அப்ப கடைசியா என்ன சொன்னாங்கன்னு கேட்டது யாரு? கடற்காக்காவா? அது பிரெஞ்சு பேசுமா?"

அந்தக் கேள்வி ரெமிக்குள் ஒரு வருஷமாக இருந்தது, வேறு உருவத்தில். அவள் தனியாகவா போனாள்? அதைக் கேட்டுவிட்டால் பதில் வந்துவிடுமோ என்று பையைக்கூடத் திறக்காமல் வைத்திருந்தான்.

எழுந்து மாடிக்குப் போனான். பையோடு இறங்கி வந்தான். மேஜை மேல் வைத்துவிட்டு, நீங்களே பிரியுங்கள் என்றான்.

ஒதீல் பிரித்தாள். இந்த முறை கிண்டல் எதுவும் வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒரு தொப்பி. கைபேசி. நாலைந்து மர ஊசிகள், பந்தை ஏற்றி வைக்க. ஒரு கையுறை. மண் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பாட்டில்.

"கையுறை ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு?"

"ஒண்ணுதான் போடுவாங்க. இடது கையில." ரெமி அதை எடுத்தான். எடுத்ததும் நிறுத்திக்கொண்டான். "இது உள்பக்கம் வெளியா இருக்கு."

சொலேன் கையுறையைக் கழற்றும் விதம் அவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். விரல் நுனிகளை ஒவ்வொன்றாக இழுப்பாள். பிறகு உருவுவாள். பிறகு மேஜை மேல் ஒரு கையைப்போலவே மல்லாத்தி வைப்பாள். இது மணிக்கட்டுப் பக்கமிருந்து பிடித்து ஒரே இழுப்பில் உரித்தது. முயல் தோலை உரிப்பதுபோல. தன் கையில் தானே அப்படி உரிக்கலாம். அவள் உரிக்க மாட்டாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் நாடி பார்க்க உரித்திருப்பார்கள் என்றாள் ஒதீல். இருக்கலாம் என்றான் ரெமி. ஒதீல் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினாள். மட்டை பட்டுப் பெயர்ந்த புல்தரையை அடைக்க ஆட்டக்காரர்கள் இப்படி ஒரு பாட்டில் வைத்திருப்பார்கள். அதில் கறுப்பு மண்ணும் புல் விதையும் கலந்த மணல் இருக்கும். இது வெளிர்பொன் நிறமாக இருந்தது. ஊடே சிப்பித் தூள் மின்னியது. ஒதீல் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு. இதுல புல்லு முளைச்சா அடுத்த மேயர் நான்தான்."

கடற்கரை மணல். அதை எதற்கு எடுத்துப்போவார்கள் என்று அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சிலுவைகள் வெள்ளைச் சலவைக்கல். அதில் வெட்டிய பெயர் வெயிலில் கண்ணுக்கே தெரியாது, புகைப்படத்திலும் விழாது. குடும்பத்தார் வந்தால், கீழே கடற்கரையிலிருந்து ஈர மணலைக் கொண்டுவந்து எழுத்துகளில் அப்பி, மேலாகத் துடைத்துவிடுவார்கள். பெயர் பொன்னாக எழுந்து நிற்கும். சொலேன் எத்தனையோ பேருக்காக வாளி பிடித்து நின்றிருக்கிறாள்.

"ஆனா கோல்ஃப் பையோட கல்லறைக்குள்ள விடமாட்டாங்க" என்றான் ரெமி. "கோல்ஃப் மைதானத்துல கல்லறையும் கிடையாது."

"அப்ப யாரோட பேருக்கு?"

ரெமி சாவியை எடுத்துக்கொண்டான்.

*

கோஸ்லாங்கின் அறையில் பெஞ்சின் வரைபடம் சட்டம்போட்டு மாட்டியிருந்தது. அவர் எழுந்து ரெமியைத் தழுவிக்கொண்டார். ரெமி தழுவலுக்குள் பலகைபோல நின்றான். பிறகு, அந்த வாக்கியத்தை யாரிடமிருந்து கேட்டீர்கள் என்றான்.

கோஸ்லாங் ஆட்டக்காரப் பெண்கள் குழுவைச் சொன்னார். அவர்கள்தானே சொலேனை முதலில் பார்த்தவர்கள். அவர்களில் யார் என்று ரெமி கேட்டான். யாரோ என்றார். அவர்கள் பார்த்தபோது அவளுக்கு உயிர் இருந்ததா என்று கேட்டான். கோஸ்லாங் மேஜை மேலிருந்த பேனாக்களை ஒரே திசையில் அடுக்க ஆரம்பித்தார்.

"முசியே கோஸ்லாங்" என்றாள் ஒதீல். "அடுக்கினது போதும். பேனா தப்பிச்சுப் போகாது."

அவர் உட்கார்ந்தார். சொலேனின் சவ அடக்கத்தன்று ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டியிருந்தது என்றார். வாயில் வந்துவிட்டது. பிறகு நாலு பேர் அதையே அவரிடம் திரும்பச் சொன்னார்கள். அதன்பின் அவருக்கே அது உண்மையாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. நல்ல மனுஷன்தான், முகம் சிவந்து வியர்த்திருந்தது.

"பெஞ்சுன்னா அதுல ஏதாவது எழுதியிருக்கணும், ரெமி. வேற வாக்கியம் ஒண்ணு கொடு. சாயங்காலத்துக்குள்ள கொடு. இல்லேன்னா கல்தச்சர் இதைத்தான் வெட்டுவார். சும்மா விட்டா மேயர் எது மேல இருக்குற துணியை விலக்குறது?"

கல்லில் ஏறிவிட்டால் அதுதான் உண்மை. இந்தக் கரையில் கல்லில் இருப்பதைத்தான் ஜனங்கள் வந்து வாசித்துவிட்டுப் போகிறார்கள். நூறு வருஷம் கழித்தும் யாரோ ஒரு விடுமுறைக்காரன் பந்தைத் தேடிவந்து நின்று, சொலேன் சொல்லாத ஒன்றைச் சொலேன் சொன்னதாக வாசிப்பான். ரெமி, சாயங்காலத்துக்குள் என்றான்.

பெண்கள் குழுவின் தலைவி மதாம் போஸ்தெல் கிளப்பின் உணவறையில் இருந்தார். எழுபது வயது, கூன் இல்லாத முதுகு. ஆட்டம் முடித்து ஆப்பிள் மது அருந்திக்கொண்டிருந்தார். ரெமியைக் கண்டதும் முகத்தைத் துக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அந்தக் காலைப்பொழுதைப் பலமுறை சொல்லிப் பழகியிருந்ததால் தடங்கலில்லாமல் வந்தது. தாங்கள் ஆறாவது ஹோலை முடித்து வந்தபோது ஏழாவதில் யாரும் தென்படவில்லை. பள்ளத்தை எட்டிப் பார்த்தால் சொலேன் மல்லாந்து கிடந்தாள், தூங்குவதுபோல. ஒரு ஜீவன் பக்கத்தில் இல்லை.

கையுறை அப்போது எங்கே இருந்தது என்று ரெமி கேட்டான். அவர் யோசித்தார். கழன்றிருந்தது. அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே மடங்கி இருந்தது. ஆம்புலன்ஸ் வர வெகுநேரம் ஆயிற்று, அதற்கு முன்பே பார்த்தது.

ரெமி ஒதீலைப் பார்த்தான். ஒதீல் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"அவ பக்கத்துல யாரும் இருந்திருக்க முடியாதுப்பா" என்றார் மதாம் போஸ்தெல். "நான்தான் போலீஸ்கிட்ட சொன்னேன். மணல் அவ்வளவு சுத்தமா வாரியிருந்துது. ஒரு கால்தடம் கிடையாது."

"ஒண்ணுகூடவா?" என்றாள் ஒதீல்.

"ஒண்ணுகூட இல்ல."

"சொலேனோடதும் இல்லையா?"

மதாம் போஸ்தெல் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பள்ளத்துக்கு நடுவுல கிடந்தாங்க. சுத்தி ஒரு தடம் இல்ல. அப்ப அவங்க என்ன, பாராசூட்லயா வந்து இறங்கினாங்க? இந்த ஊர்ல அதுவும் நடந்திருக்கு, ஆனா அது வேற வருஷம்."

மணலில் இறங்கி ஆடியவர்கள், அடுத்து வருகிறவர்களுக்காகத் தங்கள் தடத்தை ரேக்கால் வாரிச் சமப்படுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அது முதல் பாடம். வாரிய மணலைக் கண்டால் அவர்களுக்கு மனசு குளிரும். மதாம் போஸ்தெலுக்கும் குளிர்ந்திருக்கிறது, அதனால்தான் அதற்குமேல் யோசிக்கவில்லை. போலீஸ்காரர்களுக்கு கோல்ஃப் தெரியாது. அவர்கள் வந்தபோது மணல் முழுக்க ஆம்புலன்ஸ்காரர்களின் தடம்.

ரேக் எங்கே இருந்தது என்று ரெமி கேட்டான். வெளியே, புல் மேல் கிடந்தது என்றார். மோன்கிரேயில் ரேக்கைப் பள்ளத்துக்கு உள்ளேதான் வைப்பார்கள், உறுப்பினர்கள் யாருக்கும் அது தவறாது. வெளியே போட்டது வெளியூர்க்காரர்.

"இப்ப எப்படி ஞாபகம் வந்துச்சு?" என்றாள் ஒதீல்.

"நான்தான் எடுத்து உள்ள வெச்சேன்." அவருடைய குரல் இறங்கிவிட்டது. "அவ அங்க கிடக்குறா. நான் ரேக்கை எடுத்து உள்ள வெச்சுட்டு அப்புறம்தான் போனை எடுத்தேன். கை அதுவா பண்ணிடுச்சு, ரெமி. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

ரெமி அவருடைய தோளில் கை வைத்தான். பரவாயில்லை என்றான். உண்மையாகவே அவனுக்குப் பரவாயில்லை. கடைசிக் கேள்வியைக் கேட்டான். அந்த வாரம் சொலேன் வெளியூர்க்காரர் யாரோடு ஆடினாள்?

மதாம் போஸ்தெல் ஒதீலைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஒரு ஸ்விஸ்காரர் என்றார். பிராண்டிஸ். வருஷாவருஷம் இதே வாரம் வருவார், குழுவில் சேர மாட்டார். சொலேனோடு மட்டும் ஆடுவார். ஏழாவது ஹோலுக்குப் பின்னால் இருக்கும் பழைய ஜெர்மன் அரணுக்குள் இரண்டு பேரும் போவார்கள். திரும்பி வரும்போது கையெல்லாம் மணலாக இருக்கும். பார்த்தவர்கள் சொன்னது.

"நான் எதையும் சொல்லல" என்று முடித்தார். அதைத்தான் அவர் கடைசியாகச் சொல்வார் என்று ஒதீலுக்குத் தெரிந்திருந்தது.

*

ஏழாவது ஹோல் கடல் பாறையின் விளிம்பில் இருந்தது. ஒதீல் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தாள். பாதித் தூரம் அவள் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தது ரெமிக்குக் காதில் இரைச்சலாகக் கேட்டது.

"ஏதாவது சொல்லுங்க, ஒதீல்."

"என்ன சொல்றது, பாஸ்? அந்தாளுக்கு அறுபதுக்கு மேல இருக்கும்னு உணவறையில விசாரிச்சேன். முட்டி வலியாம். முட்டி வலிக்காரர் கூட யாராவது..." நிறுத்திக்கொண்டாள். "திரும்பிப் போயிடலாம். கோஸ்லாங்குக்கு வேற ஏதாவது நல்ல வாக்கியமா எழுதிக் கொடுத்துடலாம். நான் எழுதறேன். கடிதாசுல ஆயிரம் படிச்சிருக்கேன்."

கணவன்மார்களின் வழக்கை ரெமி எத்தனையோ எடுத்திருக்கிறான். இந்த இடத்தில் அவர்கள் எல்லாரிடமும் அவன் ஒன்றுதான் சொல்லுவான்: இப்போதுகூட நிறுத்திக்கொள்ளலாம், உங்களுக்குத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஒருவரும் நிறுத்தியதில்லை. அவர்களை அவன் உள்ளுக்குள் இளக்காரமாக நினைத்திருக்கிறான்.

அவனும் நிறுத்தவில்லை. சொலேனுக்கு ஒருவன் இருந்திருந்தால், அவன் அந்த நேரம் பக்கத்தில் இருந்திருந்தால், அதுவும் சரிதான் என்று நடந்துகொண்டே நினைத்தான். தனியாக இல்லாமலிருந்தால் போதும். அப்படி நினைக்க முடிகிறதே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மணல் பள்ளத்தைத் தாண்டினார்கள். இன்றும் சுத்தமாக வாரியிருந்தது. புல்வெளிக்குப் பின்னால் அரண் பாதி மண்ணுக்குள் புதைந்து நின்றது. கதவின் கம்பி துருப்பிடித்து ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. ஒதீல் கைபேசி விளக்கைப் போட்டாள்.

உள்ளே ஈர சிமெண்ட் வாடை. காலி பீர் டப்பாக்கள். சுவரில் எல்லாக் காலத்துக் கிறுக்கல்களும் இருந்தன: அம்பு பாய்ந்த இதயங்கள், கால்பந்துக் கிளப்பின் பெயர், கெட்ட வார்த்தைகள். ஒதீல் ஒவ்வொன்றையும் வாசித்து, எழுதியவன் எந்தத் தெரு என்று சொல்லிக்கொண்டே போனாள். துப்பாக்கி நீட்டும் இடைவெளிக்குக் கீழே வந்ததும் அவளுடைய கை நின்றது.

"பாஸ்."

அந்த இடத்தில் மட்டும் கான்கிரீட்டில் பொன்னிறமாக எழுத்து எழுந்து நின்றது. ஆணியால் கீறிய எழுத்து. கீறலுக்குள் மணலை அழுத்தி, மேலாகத் துடைத்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் முதல் மழையிலேயே கழுவிப்போய்விடும். இங்கே மழை வராது.

எகோன் பிராண்டிஸ். செல்லே. மே 1944.

"செல்லே ஸ்விட்சர்லாந்துல இல்ல, பாஸ்" என்றாள் ஒதீல் மெல்ல. "ஆயுசு பூரா தபால் பிரிச்சவ நான். அது ஜெர்மனி."

ரெமி குனிந்தான். மணலைத் துடைத்த விரல்தடம் கடைசி எழுத்தின் ஓரத்தில் வளைந்திருந்தது. சின்ன விரல். அதைத் தொடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றான்.

அமெரிக்கக் குடும்பங்களுக்கு எல்லாரும் அறிய செய்வதை அவள் ஒரு ஜெர்மானியருக்கு யாரும் அறியாமல் செய்திருக்கிறாள். தெரிந்தால் உணவறையில் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவனிடமும் சொல்லவில்லை. அவனுடைய தாத்தாவின் அண்ணனை இதே பாறைக்குக் கீழே ஜெர்மானியர்கள்தான் சுட்டார்கள்.

வாசலில் வெளிச்சம் மறைந்தது.

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். உயரம், நரை, ஒரு காலைச் சற்றுச் சாய்த்து நின்றார். அவருடைய பிரெஞ்சு சுத்தமாக இருந்தது, பள்ளிக்கூடத்துச் சுத்தம்.

"நீங்க ரெமி" என்றார். "சொலேன் போன்ல உங்க படம் காட்டியிருக்காங்க. இந்த வாரம் ரெண்டு தடவ உங்க வீட்டு வாசல்வரைக்கும் வந்தேன். மணியடிக்க முடியல."

ஹென்னிங் பிராண்டிஸ் அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவர் பிறந்தபோது அப்பா எகோன் இந்தச் சுவருக்குள் இருந்தார். ஜூன் மாதம் இறந்தார், உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாத மனிதனுக்கு மகன் என்று ஏதாவது செய்ய வேண்டுமே என்று அறுபது வயதில் கோல்ஃப் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார், வேறு எந்தச் சாக்கில் வருவதென்று தெரியாமல். முதல் மாலை உணவறையில் எந்த ஊர் என்று கேட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் சட்டையில் ஏதோ போர்ப் பதக்கம் குத்தியிருந்தார். வாயில் ஸ்விட்சர்லாந்து, பாசல் என்று வந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு வருஷமும் ஸ்விஸ்காரர்தான்.

போன வசந்தத்தில் சுவரில் பெயரைக் கண்டுபிடித்தது சொலேன். யார் என்று அவள் கேட்டபோது அவர் அழுதுவிட்டார். அவள் மறுநாள் பாட்டிலில் மணல் கொண்டுவந்தாள். மூன்று நாள் காலை, ஆட்டத்துக்கு நடுவே, எழுத்தெழுத்தாக அப்பினார்கள். கடைசி எழுத்தை முடித்த மறுநாள்தான் அது.

"அவளோட நீங்க இருந்தீங்களா?" ரெமிக்குத் தன் குரல் யாருடையதோபோலக் கேட்டது.

"இருந்தேன். கடைசிவரைக்கும் இருந்தேன்."

அஞ்சாவது ஹோலிலிருந்தே அவள் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தாளாம். கேட்டதற்கு வெயில் என்றாளாம். விழுந்ததும் அவர் ஓடினார். நாடி தெரியவில்லை என்று கையுறையை இழுத்து உரித்தார். பிறகு கையை விடவில்லை. உதவிக்கு ஓடியிருக்க வேண்டும், ஓடினால் அவள் தனியாக இருப்பாளே என்று ஓடவில்லை. கண் திறந்திருந்தது, வலி எதுவும் முகத்தில் இல்லை. பிறகு அவள் போய்விட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. அப்போது பெண்களின் பேச்சுக் குரல் மேட்டுக்கு அந்தப்பக்கம் கேட்டது.

"செத்துப்போன ஒரு பிரெஞ்சுப் பொண்ணு. முன்னால நான். பின்னால இந்தக் கான்கிரீட்டு, அதுல எங்கப்பா பேரு." அவர் தொப்பியைத் திருகினார். "எழுந்திருச்சிட்டேன். ரேக்கை எடுத்து வாரினேன். ஏன் வாரினேன்னு கேக்காதீங்க. எதையும் மறைக்கணும்னு வாரல. மணல்ல இறங்கினா வாரிட்டுத்தான் ஏறணும். கை அதச் செஞ்சுது. பிராங்க்ஃபர்ட் தாண்டினப்புறம்தான் எனக்கு அது புரிஞ்சுது, ரோட்டோரமா வண்டியை நிறுத்திட்டேன். போலீஸ்கிட்ட வர்றேன். எங்க வேணாலும் வர்றேன்."

ஒதீல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

ரெமியின் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. கோஸ்லாங். கல்தச்சர் உளியோடு நிற்கிறார், வாக்கியத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். ரெமி அவரை லைனிலேயே இருக்கச் சொன்னான். கைபேசியைக் கீழே இறக்கிப் பிடித்தான், அணைக்கவில்லை.

"அவ கடைசியா என்ன சொன்னா?"

பிராண்டிஸ் உடனே சொன்னார். "உங்க பேரச் சொன்னாங்க. ரெமின்னு."

"இல்ல."

"முசியே..."

"அப்படி ஆறுதலா ஒண்ணு ஏற்கெனவே இருக்கு. வெளிய உளியோட ஆள் நிக்கிறார். எனக்கு அவ நெஜமா சொன்னது வேணும். ஒண்ணும் சொல்லலேன்னா, ஒண்ணும் சொல்லலன்னு சொல்லுங்க. அதையே வெட்டச் சொல்றேன்."

பிராண்டிஸ் தலையைக் குனிந்துகொண்டார். அது உங்களுக்குப் பிரயோஜனப்படாது என்றார். துக்கத்துக்கு ஆகிற பேச்சே இல்லை, வெறும் ஆட்டப் பேச்சு. அவள் பந்து மணல் பள்ளத்துக்குள் இருந்தது, அங்கே இறங்கி நின்றிருந்தாள், இடுப்புக்கு மேலேதான் தெரிந்தாள். அவர் பந்து கீழே, தொலைவில். அதனால் முதலில் ஆட வேண்டியது அவர். மட்டையை எடுத்துக்கொண்டு நின்றார். அவள் முகத்தைத் தூக்கிக் கடலைப் பார்த்தாள். அவரைப் பார்த்துக் கையை உயர்த்தி ஏதோ சொன்னாள். சரி என்று அவர் பைப் பக்கம் குனிந்தார். நிமிர்ந்தபோது பள்ளத்துக்கு மேலே யாரும் இல்லை. அதன்பின் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"அத சொல்லுங்க" என்றான் ரெமி. கைபேசியை அவருக்கு முன்னால் நீட்டினான். "அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே."

பிராண்டிஸ் கையை உயர்த்தினார், அவள் உயர்த்தியதுபோல. கண்ணை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல், அவளுடைய வார்த்தைகளைச் சொன்னார்.

"காத்து திரும்பிடுச்சு, முசியே பிராண்டிஸ். அந்த மட்டை பத்தாது. ஒண்ணு பெருசா எடுங்க."